எல் போர்டு கேள்விகள்: பத்து மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

திருச்சியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சியாளர் ஒருவர் இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு 43 வயது. மகள் கல்லூரிக்குப் போன பிறகு கார் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, எங்கள் ஊரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். பதினைந்து நாள் வகுப்பு. ஒரே காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போய் ஆளுக்கு இருபது நிமிடம் ஓட்டச் சொன்னார்கள். இப்போது வகுப்பு முடிந்துவிட்டது, அடுத்த வாரம் டெஸ்ட் என்கிறார்கள். எனக்குத் தனியாக ஓட்டும் தைரியம் கொஞ்சமும் வரவில்லை. என் வயதுதான் காரணமா?
– ஒரு வாசகி, துறையூர்

வயது காரணமே இல்லை, சகோதரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்து நாள், நாளுக்கு 20 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம்தான் உங்கள் கையில் ஸ்டியரிங் இருந்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 31-ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? சொந்த உபயோகக் கார் ஓட்டக் கற்பவருக்குப் பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது. வண்டியை ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. உங்களுக்குக் கிடைத்தது அதில் பாதி. பாதிப் பயிற்சியில் தைரியம் வரவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை.

பின் சீட்டில் உட்கார்ந்து மற்ற மூன்று பேர் ஓட்டுவதைப் பார்த்த நேரத்தையும் சேர்த்து "தினமும் ஒன்றரை மணி நேரம் வகுப்பு" என்று சில இடங்களில் சொல்வார்கள். பார்ப்பதிலும் கொஞ்சம் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விதி கேட்பது நீங்கள் ஓட்டிய நேரத்தை. அதற்காகவே படிவம் 15 என்று ஒரு பதிவேடு இருக்கிறது. எந்தத் தேதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டினீர்கள் என்று அதில் எழுத வேண்டும், பயிற்சியாளரும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளிக்குப் போய் "என் படிவம் 15-ஐக் காட்டுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். சண்டை வேண்டாம். அந்தப் படிவத்தின் பெயரைச் சொன்னதுமே பேச்சின் தொனி மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓட்டாத நேரத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பயிற்சி முடித்ததற்கு அவர்கள் தரும் சான்றிதழ் படிவம் 5. அது உண்மையான பயிற்சிக்கான சான்றிதழாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பள்ளிக் காரில் பயிற்சியாளர் பக்கத்திலும் பிரேக்கும் கிளட்சும் இருக்கும். சட்டப்படி இருந்தாக வேண்டும். கற்பவர் பதறும்போது வண்டியை நிறுத்துவதற்காக வைத்தது அது. ஆனால் அவசரமாக வகுப்பை முடிக்க நினைக்கும் பயிற்சியாளர், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை தானே கிளட்சை மிதித்துக்கொண்டு வருவார். நீங்கள் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்திருப்பீர்கள், வண்டியும் அழகாகப் போகும். "நன்றாக ஓட்டுகிறீர்களே" என்று பாராட்டும் கிடைக்கும். வீட்டுக் காரில் ஏறினால் மூன்றடி நகர்வதற்குள் இன்ஜின் நின்றுவிடும். அடுத்த வகுப்பில், "சார், இன்று உங்கள் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள், தேவைப்பட்டால் மட்டும் மிதியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓட்டிப் பாருங்கள். உங்கள் உண்மையான நிலை அன்று தெரிந்துவிடும்.

டெஸ்ட்டைத் தள்ளிப் போடுங்கள். எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகு டெஸ்ட்டுக்குப் போகலாம் என்பதுதான் விதி, 31-ஆவது நாளே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மீதி 5 மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் பாதியையாவது கடைவீதி நெரிசலிலும், மாலை மங்கும் நேரத்திலும், ரிவர்ஸ் எடுப்பதிலும் செலவழிக்கச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குக் காலியான பைபாஸில் நேராக ஓட்டுவது மட்டும் பயிற்சி ஆகாது.

கேள்வி: சமதளத்தில் ஓரளவு ஓட்டுகிறேன். ஆனால் தென்னூர் பாலத்தில் டிராஃபிக்கில் நின்று மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருள்கிறது, அல்லது ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் ஹாரன் அடித்தால் கை கால் நடுங்குகிறது. பக்கத்தில் என் கணவர் சத்தம் போடுகிறார். விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– ஒரு வாசகி, உறையூர்

விடவே கூடாது. இந்த ஒரு இடத்தில் மனசு விட்டுப்போய் வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வதும் இங்கேதான். இது முழுக்க முழுக்க இடது காலின் வேலை. பழக்கினால் வந்துவிடும்.

முதலில் சீட். கிளட்சை முழுக்க மிதித்த நிலையிலும் உங்கள் இடது முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கால் விறைப்பாக நீண்டுவிட்டால் சீட் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம், முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். உயரம் குறைவாக இருந்தால் கெட்டியான குஷன் ஒன்றைப் போட்டுக்கொள்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம், பெடல் காலுக்குத் தெரியாது.

அடுத்து, சமதளமான காலி மைதானத்துக்குப் போங்கள். ஆக்ஸிலரேட்டரில் காலே வைக்காமல், முதல் கியரில், கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விடுங்கள். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் சற்றே அடங்கும், வண்டியின் உடம்பில் லேசாக ஓர் அதிர்வு தெரியும். அதுதான் நாங்கள் சொல்லும் ஆஃப் கிளட்ச், அதாவது கிளட்சைப் பாதி விட்ட நிலை. அங்கே காலை நிறுத்துங்கள், குதிகால் தரையில் ஊன்றியே இருக்கட்டும். வண்டி தானாக ஊர்ந்து போகும். மறுபடி மிதித்து நிறுத்துங்கள், மறுபடி விடுங்கள். அரை மணி நேரம் இதை மட்டும் செய்யுங்கள். தாளிப்பில் கடுகு வெடிக்கும் சத்தத்தை அடுப்பைப் பார்க்காமலே காது சொல்லிவிடுகிறது அல்லவா, அப்படி இந்த இடத்தையும் காலும் காதும் சேர்ந்து கண்டுபிடிக்கும் வரை செய்யுங்கள்.

அதன் பிறகுதான் ஏற்றம். பாலத்தில் நின்றதும் ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்துவிடுங்கள். இப்போது வண்டி எங்கும் போகாது, இரண்டு காலும் உங்களுக்குச் சும்மா கிடைத்துவிட்டது. முதல் கியர் போடுங்கள். ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்துக்கொண்டே கிளட்சை ஆஃப் கிளட்ச் வரை கொண்டு வாருங்கள். வண்டி முன்னால் போகத் துடிப்பது தெரியும். தெரிந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராது. அவசரப்பட்டு முதலிலேயே ஹேண்ட் பிரேக்கை இறக்குவதுதான் எல்லாச் சங்கடத்துக்கும் காரணம்.

மீறி உருண்டால் பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து மிதியுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், முதலிலிருந்து தொடங்குங்கள். ஆஃப் ஆகிவிட்டால் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டுவிட்டு நிதானமாக ஸ்டார்ட் செய்யுங்கள். ஹாரன் அடிப்பவர் உங்களைவிடப் பத்து விநாடி முன்னால் போக விரும்புகிறார், அவ்வளவுதான். அந்தப் பத்து விநாடி அவருடைய கவலை. ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கும் பழக்கத்துக்கு மட்டும் போகாதீர்கள். கிளட்ச் பிளேட் தேயும், கருகிய வாடை வரும், செலவும் பெரிது.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் வீட்டுக் காரில் உங்கள் பக்கம் பிரேக் கிடையாது. அந்தப் பயத்தில்தான் நீங்கள் சத்தம் போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தம் ஓட்டுபவரின் காலைத்தான் முதலில் தடுமாற வைக்கும். அடிப்படைப் பயிற்சியை, பயிற்சியாளர் பக்கமும் பிரேக் உள்ள டபுள் கண்ட்ரோல் காரில் முடிக்கட்டும். அதற்குப் பிறகு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே, சின்னக் குரலில் சொல்லுங்கள்: "அடுத்த சந்தில் இடது பக்கம்", "முன்னால் பஸ் நிற்கப் போகிறது." இப்படிச் சொல்லிக் கொடுத்த கணவர்களின் மனைவிகள் என் மாணவிகளில் இன்று சென்னை வரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

கேள்வி: இனி ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட்டே இல்லை, டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ் போதும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– ஒரு வாசகர், பெரம்பலூர்

நீங்கள் சேரப்போகும் பள்ளி எது என்பதைப் பொறுத்தது. 2021-இல் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம் என்ற ஒரு தனி ஏற்பாட்டை மத்திய அரசு கொண்டுவந்தது, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சிமுலேட்டர், தனி ஓட்டுதளம் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். காருக்கு 29 மணி நேரப் பாடம், அதில் 21 மணி நேரம் செய்முறை. அங்கே படித்துத் தேறி, படிவம் 5பி சான்றிதழ் வாங்கியவருக்குத்தான் ஓட்டும் டெஸ்ட்டிலிருந்து விலக்கு. நம் தெருமுனைகளில் இருக்கும் வழக்கமான பள்ளிகள் தரும் படிவம் 5-க்கு அந்த விலக்கு கிடையாது. 2024 ஜூன் முதல் எல்லாம் மாறிவிட்டது என்று செய்தி பரவியபோது, எந்த மாற்றமும் இல்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. "எங்களிடம் சேர்ந்தால் டெஸ்ட் கிடையாது" என்று யாராவது சொன்னால், 5பி தருவீர்களா என்று கேளுங்கள்.

கேள்வி: எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். எல் போர்டு ஒட்டிக்கொண்டு தனியாக ஓட்டிப் பழகலாமா?
– ஒரு கல்லூரி மாணவி, கரூர்

கூடாது. காரில் உங்கள் பக்கத்தில், உரிமம் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு முன்னும் பின்னும், 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஸ்கூட்டரில் பழகும்போது கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது, தோழியையும்தான். இந்த நிபந்தனைகளை மீறி ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணம் வருவதிலும் சிக்கல் வரும். உங்கள் பாலிசியில் ஓட்டுநர் பற்றிய பகுதியை எடுத்துப் படியுங்கள், எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பற்றி அதிலேயே எழுதியிருப்பார்கள்.

கேள்வி: மகன் பிளஸ் டூ படிக்கிறான், 17 வயது. டியூஷனுக்குப் போக அவன் அப்பாவின் பைக்கை எடுத்துப் போகிறான். நன்றாகவே ஓட்டுகிறான். சொன்னால் கேட்பதில்லை. எல்லாப் பையன்களும் ஓட்டுகிறார்களே?
– ஒரு தாய், புதுக்கோட்டை

அம்மா, சாவியை இன்றே வாங்கி பீரோவில் வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கியர் உள்ள பைக்குக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் உரிமம் கிடைப்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். கடைகளில் நாம் பார்க்கும் சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 100 சி.சி.க்கு மேல், அவையும் அவனுக்கு ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த பிரிவு 199ஏ-இன்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ பொறுப்பு. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும் வரை உரிமம் கிடைக்காது. படித்து வேலைக்குப் போகும் வயதில் லைசென்ஸ் இல்லாமல் நிற்பான்.

சட்டத்தை விடுங்கள். அவன் நன்றாக ஓட்டுகிறான் என்பதை நான் நம்புகிறேன். அந்த வயதில் கை வேகமாகப் பழகும். ஆனால் முன்னால் போகும் லாரி என்ன செய்யப் போகிறது, சந்திலிருந்து யார் ஓடி வரப் போகிறார்கள் என்று முன்கூட்டிப் படிக்கும் பார்வை கைப்பழக்கத்தோடு வருவதில்லை, அதற்குக் காலம் வேண்டும். சைக்கிளில் போகட்டும், அல்லது அப்பா கொண்டுபோய் விடட்டும். பதினெட்டு நிறைந்ததும் முதல் வேலையாக எல்.எல்.ஆர். எடுத்துக் கொடுங்கள், நல்ல ஹெல்மெட்டோடு.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர், "பணம் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், போட்டோ எடுக்க மட்டும் வந்தால் போதும்" என்கிறார். உண்மையில் செலவு எவ்வளவு, வேலை எவ்வளவு?
– ஒரு வாசகர், லால்குடி

மத்திய விதியில் உள்ள கட்டணம்: எல்.எல்.ஆர். ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டும் டெஸ்ட் ஒரு வகைக்கு 300, உரிமம் வழங்க 200. இதற்கு மேல் சேவைக் கட்டணம் ஏதாவது சேரலாம். மத்திய அரசின் சாரதி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்துப் பணம் கட்டலாம். ஆதார் வழியாகப் போனால் எல்.எல்.ஆர். தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. சாலைக் குறியீடுகளை ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் போதும். டெஸ்ட்டில் தேறினால் தமிழ்நாட்டில் 2024 முதல் உரிமம் விரைவு அஞ்சலில் வீட்டுக்கே வருகிறது, அதனால் விண்ணப்பத்தில் முகவரியும் செல்பேசி எண்ணும் சரியாக இருக்கட்டும்.

பள்ளி உங்களுக்காக விண்ணப்பம் போடுவதும், அதற்கு ஒரு தொகை வாங்குவதும் தவறில்லை. ரசீது கேளுங்கள். ஆனால் ஓட்டிக் காட்டாமல் வரும் லைசென்ஸ் வேண்டவே வேண்டாம். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அந்தச் சில நிமிடங்கள் உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் ஒரு காவல். தவறிவிட்டால் அவமானம் இல்லை, ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஸ்கூட்டரில் எட்டு போடும்போது பாதியில் கால் ஊன்றிவிடுகிறேன். ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, மணப்பாறை

முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பாருங்கள், கண் போகும் இடத்துக்கு வண்டி போகும். ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டுத் திருகாமல் ஒரே சீராக வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் லேசாக அடக்குங்கள். வளைவில் முன் பிரேக்கைத் தொட வேண்டாம். வீட்டருகே செங்கல் வைத்து, தேவைக்கு மேல் அகலமான எட்டில் தொடங்கி ஒவ்வொரு நாளும் சுருக்கிக்கொண்டு வாருங்கள். கியர் பைக்கும் ஓட்டத் தெரியும் என்றால் அந்த வகைக்கே விண்ணப்பித்துவிடுங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்தால், அவசரத்துக்குத் தம்பியின் பைக்கை எடுக்கும்போது அது செல்லாது.

கேள்வி: லைசென்ஸ் எடுத்து நான்கு வருடம் ஆகிறது. அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போது மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக நானே ஓட்ட வேண்டிய நிலை. மறுபடி டிரைவிங் ஸ்கூலில் சேர வேண்டுமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

முழு வகுப்பு வேண்டாம். உரிமம் இருப்பவர்களுக்கு மணிக்கணக்கில் பயிற்சி தரும் பள்ளிகள் உண்டு. சில மணி நேரம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் சொந்தக் காரிலேயே சொல்லித் தருவார்களா என்றும் கேளுங்கள். அப்புறம் ஒரே பாதையைப் பழகுங்கள். வீட்டிலிருந்து மருத்துவமனை, மருத்துவமனையிலிருந்து வீடு. ஞாயிறு அதிகாலையில் தொடங்குங்கள். காவிரிப் பாலம் காலியாக இருக்கும், எந்த லேனில் போனால் எங்கே திரும்பலாம் என்று நிதானமாகப் பார்க்கலாம். அது கைவந்ததும் வேலை நாளில் அதே பாதை, டயாலிசிஸுக்குப் போகும் அதே நேரத்தில். மாமியாரை ஏற்றாமல் போய்வாருங்கள். மருத்துவமனையில் எங்கே நிறுத்துவது, ரிவர்ஸில் எப்படி வெளியே எடுப்பது என்பதை அங்கேயே போய்ப் பழகிவிடுங்கள். போகும் வழியைவிட நிறுத்தும் இடம்தான் புதிதாக ஓட்டுபவரைப் பயமுறுத்தும்.

கிளம்பும் முன் மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்துகொள்ளுங்கள். பக்கக் கண்ணாடியின் உள் ஓரத்தில் உங்கள் காரின் உடம்பு ஒரு கீற்றாகத் தெரிந்தால் போதும், மீதி எல்லாம் சாலையாகத் தெரிய வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வரும் பெரியவர்களுக்குத் திடீர் பிரேக் மிகவும் கஷ்டம். முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விடுங்கள், வழியில் குறுக்கே யாராவது புகுந்தாலும் மறுபடி இடைவெளி விடுங்கள். வீட்டுக்கு வந்தபின் அவருடைய உடம்புக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை வைத்து உங்கள் பிரேக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: வயது 62. ஓய்வுபெற்ற ஆசிரியர். இப்போது கார் கற்க முடியுமா? உரிமம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்?
– ஒரு வாசகர், முசிறி

தாராளமாக முடியும், ஐயா. சட்டத்தில் மேல் வயது வரம்பு இல்லை. 40 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ-இல் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உங்களுக்கு உரிமம் ஐந்தாண்டுக்குக் கிடைக்கும், பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். சேருவதற்கு முன் கண் மருத்துவரைப் பாருங்கள், புரை தொடங்கியிருந்தால் எதிர் வண்டியின் விளக்கு இரவில் மிகவும் கூசும். மூட்டு வலி இருந்தால் கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் காரைப் பற்றி யோசியுங்கள். பைக்குக்கு இருப்பது போல கார் உரிமத்தில் கியர் உள்ளது, இல்லாதது என்று தனி வகை கிடையாது. ஆனால் ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையே இல்லை. அதை முழுக்க ஒதுக்கி வைத்துவிட்டு, பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டையும் வலது காலால் மட்டும் இயக்குங்கள். சேரும் பள்ளியில் ஆட்டோமேட்டிக் பயிற்சிக் கார் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், எல்லாப் பள்ளியிலும் இருப்பதில்லை.